பின் சீட்டும் மொட்டை மாடியும்

ஆகஸ்ட் மாதம் வந்தால் சென்னைக்குப் பழைய நினைவு வந்துவிடும். 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டு கண்காட்சி, உரை, நடைப்பயணம் என்று ஒரு வாரம் களைகட்டும். பத்திரிகைகளில் மவுண்ட் ரோட்டின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரும். அவரவர் பேட்டையின் கதையை அவரவர் எழுதுவார்கள். இவற்றை விரும்பி வாசிக்கிறவள் நான். பல ஆண்டுகள் வாசித்தபிறகு ஒன்று புரிந்தது. நகரத்தை நினைத்து ஏங்கி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுடைய ஏக்கத்தில் அநேகமாக ஒரு வண்டியும் ஒரு மைதானமும் இருக்கும். முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த நாள், வெறுங்காலில் அடித்த முதல் கோல், இரவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மெரினாவரை போய்வந்த கதை. “அப்பல்லாம் ரோடு எவ்ளோ காலியா இருக்கும் தெரியுமா?” என்று முடியும்.

எனக்குத் தெரியும். அந்தக் காலிச் சாலையை நானும் பார்த்திருக்கிறேன். பின் சீட்டிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் பார்த்தேன். ஒரே நகரம்தான், ஆனால் உட்கார்ந்த இடம் வேறு. உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து ஏக்கமும் மாறும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1980இல் வியாசர்பாடியில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. ஆனால் அப்பா கார் ஓட்டினார். மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனியின் முதலாளிக்கு அவர் டிரைவர். கீழ்ப்பாக்கத்தில் முதலாளி வீடு. அங்கே இரண்டு வண்டிகள் நின்றன. அப்பா ஓட்டியது வெள்ளை அம்பாசடர். இன்னொன்று வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு மெட்ராஸ் வண்டி என்று அப்பா பெருமையாகச் சொல்வார். உண்மைதான். இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் ஓடிய காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலிருந்து வந்தது. பிரீமியர் பத்மினி பம்பாயிலிருந்து வந்தது. ஹெரால்டு நம்மூரில் பிறந்தது. மற்ற வண்டிகளில் பானெட்டை மட்டும் தூக்குவார்கள். ஹெரால்டிலோ முன்விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாயும். எஞ்சின் வெட்டவெளியில் கிடக்கும். “டயர் மேல குந்திக்கினே வேலை பார்க்கலாம்” என்பார் அப்பா. அந்த ஆலை 1980களின் முடிவில் கார் செய்வதை நிறுத்தியது.

திங்கட்கிழமை விடியற்காலையில் முதலாளி மீனம்பாக்கம் போகவேண்டியிருந்தால் ஞாயிறு இரவு அம்பாசடர் எங்கள் தெருவில் நிற்கும். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தொடக்கூடாது. முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலும் ரெக்சினும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாசனை. அப்பாவின் காக்கிச் சட்டையிலும் அதே வாசனைதான். இன்றும் எங்காவது பழைய அம்பாசடர் கதவு திறந்தால் எனக்கு அப்பா நினைவு வந்துவிடும். இந்த ஏக்கம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அந்த வண்டியின் வெள்ளைக்குப் பின்னால் இன்னொருவர் இருந்தார். அந்தக் காலத்து அதிகாரிகள், முதலாளிகள் கார்களில் சீட்டுக்கு வெள்ளை டவல் துணியில் உறை போட்டிருப்பார்கள். கார் கண்காட்சிகளில்கூட அதை இப்போது மரியாதையின் அடையாளமாகப் போட்டு வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அப்பா அந்த உறைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துவருவார். ஞாயிறு காலை அம்மா சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, மொட்டை மாடியில் காயவைப்பாள். மாடிக் கொடியில் எங்கள் துணிக்கு இடம் இருக்காது. முதலாளியின் தலையெண்ணெய்க் கறை ஒன்று இருக்கும். அதைப் போக்க அம்மா எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்ப்பாள். காரை அப்பா துடைத்தது தெருவுக்கே தெரியும். உறையை அம்மா வெளுத்தது முதலாளி வீட்டுக்குக்கூடத் தெரியாது. அதற்குத் தனியாகச் சம்பளமும் கிடையாது. “டிரைவர் வண்டிய சுத்தமா வெச்சிருக்கான்” என்ற நல்ல பெயர் மட்டும் அப்பாவுக்குக் கிடைத்தது.

அந்த வண்டியில் அம்மா எத்தனை முறை ஏறியிருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ரெண்டு தபா. ரெண்டு தபாவும் வலியோட” என்றாள். நான் பிறந்தபோது ஒருமுறை, தங்கை பிறந்தபோது ஒருமுறை. இரண்டு முறையும் நள்ளிரவில் முதலாளி வீட்டுக் காவலாளியை எழுப்பி, அனுமதி கேட்டு, அப்பா வண்டியை எடுத்துவந்திருக்கிறார். வியாசர்பாடியிலிருந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் பெரிய தூரமில்லை. அம்மாவுக்கு அந்தத் தூரத்தில் ஒன்று மட்டும் நினைவிருந்தது. பனிக்குடம் உடைந்தால் வெள்ளை உறை பாழாகுமே என்று பழைய புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். காலிச் சாலை, இரவு, அம்பாசடர் சவாரி. எழுதத் தெரிந்த ஓர் ஆண் இந்த மூன்றையும் வைத்து அழகான நினைவுக் குறிப்பு எழுதிவிடலாம். அம்மாவின் நினைவில் இருப்பது உறை.

ஹெரால்டு யாருக்கு என்று சொல்லவில்லையே. அது முதலாளியின் மனைவிக்கு. அந்தம்மா தானே ஓட்டுவார். கொண்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, இடது கையில் கடிகாரத்தோடு கீழ்ப்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம்வரை போய்வருவாராம். அம்மா ஒரு தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். அன்றிரவு அப்பாவிடம், “எனக்கும் கத்துக் குடேன்” என்று கேட்டிருக்கிறாள். அப்பா சிரித்துவிட்டார். “கத்துக்கினு? எந்த வண்டிய ஓட்டப்போற?” என்றிருக்கிறார்.

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் மனதில் வைத்திருந்தேன். அதில் ஆணின் ஏளனம் மட்டும் இல்லை. வண்டி அவருடையதும் அல்ல. ஒரு கீறல் விழுந்தால் வேலை போய்விடும். சொந்த வண்டி இல்லாத ஆண் அதை ஓட்டிப் பிழைக்கலாம். சொந்த வண்டி உள்ள வீட்டுப் பெண் அதைத் தானே ஓட்டலாம். சொந்தமும் இல்லாத, ஆணும் அல்லாத என் அம்மாவுக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. ‘அந்தக் காலத்தில் பெண்கள் கார் ஓட்டவில்லை’ என்று யாராவது சொன்னால் எந்தப் பெண்கள் என்று கேளுங்கள். ‘அந்தக் காலத்திலேயே பெண்கள் ஓட்டினார்கள்’ என்று சொன்னாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வடசென்னைக்கு இன்னொரு கார்க் கதை உண்டு. சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வரும்வரை சோழவரம்தான் இந்தியப் பந்தயக்காரர்களின் ஊர். பந்தய நாட்களில் எங்கள் தெரு ஆண்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். சிலர் சைக்கிளில்கூடப் போவார்கள். பெண்கள் அதற்கு முன்பே எழுந்து புளிசாதம் கட்டுவார்கள். இரவு புழுதியோடு திரும்பிவந்து, எந்த வண்டி எந்த வளைவில் உருண்டது என்று வாயாலேயே எஞ்சின் சத்தத்தோடு சொல்வார்கள். நான் சோழவரத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தச் சத்தங்களை இப்போதும் என்னால் எழுப்பிக்காட்ட முடியும். கேட்டு வந்த ஏக்கம் அது.

இனி மைதானம்.

வியாசர்பாடியைப் பற்றி வெளியே இரண்டு செய்திதான் தெரியும். ஒன்று, மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். இன்னொன்று, இங்கே கால்பந்து ஆடுவார்கள். உலகக் கோப்பை வந்தால் சுவர்களில் மஞ்சளும் பச்சையும் ஏறிவிடும். குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதும். பக்கத்தில் பெரம்பூரில் ஐ.சி.எஃப்., ரயில்வே, பின்னி ஆலை என்று தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதி இது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், பள்ளி முடிந்து வருகிற பையன்கள் எல்லோரும் மாலையில் மைதானத்தில் இருப்பார்கள். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுத்தன. 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. பின்னாளில் எங்கள் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடினார். தலித் குடும்பங்கள் நிறைந்த ஒரு பகுதிக்கு அந்தப் பந்து வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. தலைநிமிர்ந்து நடக்க ஒரு காரணமாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நாங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து ஆட்டம் பார்த்தோம். காய்ந்த துணி எடுக்க, வடாம் காக்க, தம்பியைத் தேட என்று ஏதாவது காரணம் வேண்டும். வெறுமனே பார்க்கப்போகிறேன் என்று சொல்ல முடியாது. மேலேயிருந்து பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. மைதானம் முழுவதும் வரைபடம் போலத் தெரியும். யார் எங்கே காலியாக நிற்கிறான், பந்து யாருக்குப் போகவேண்டும் என்பது ஆடுகிறவனுக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். “டேய், லெஃப்ட்ல குடுடா” என்று வாய்வரை வரும். கத்தக்கூடாது.

சில நேரம் பந்து மாடிக்கே வந்துவிடும். கீழேயிருந்து “அக்கா, பால்!” என்று கூப்பிடுவார்கள். அடுத்த பிளாக்கில் என் வயதுத் தோழி ஒருத்தி இருந்தாள். நாங்கள் பந்தைக் கையால் எடுத்து எறிவோம். அவள் எறியமாட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரே உதை. அது மைதானத்தின் நடுவில் போய் விழும். கீழே இருந்தவர்கள் யார் அடித்தது என்று அண்ணாந்து பார்ப்பதற்குள் நாங்கள் குனிந்துவிடுவோம். பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். மாடிக்கு வருவது நின்றது. பதினெட்டில் கல்யாணம். அவ்வளவுதான் அவளுடைய கால்பந்து வாழ்க்கை. எட்டோ பத்தோ உதைகள்.

1990 உலகக் கோப்பையின்போது எங்கள் பிளாக்கில் ஒரே ஒரு வீட்டில் கலர் டி.வி. இருந்தது. தெரு ஆண்கள் எல்லோரும் அங்கேதான். இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஒரு பெனால்டியில் ஜெயித்தது, மாரடோனா அழுதார். மாரடோனாவின் கண்ணீரைப் பற்றி எங்கள் பகுதி ஆண்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்த இரவில் நான்கு முறை டீ போட்டவள் அந்த வீட்டுக்காரம்மா. அவரும் ஆட்டம் பார்த்தார், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று, துண்டு துண்டாக.

பெண்கள் கால்பந்து அப்போது இல்லாமல் இருந்ததா? இருந்தது. 1975இலேயே இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு உருவாகிவிட்டது. 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அதே ஆண்டு சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கோழிக்கோட்டில் அவர்கள் ஆடிய ஆண்டில்தான் நான் பிறந்தேன். ஆனால் அந்தச் செய்தி எங்கள் மொட்டை மாடிக்கு வந்துசேரவில்லை. வந்திருந்தால் என் தோழி அந்த உதைக்குப் பிறகு குனிந்திருப்பாளா என்று யோசிக்கிறேன். ஒரு வீட்டுக்குப் பெருமையான செய்தி வருவதும் வராமல் போவதும்கூட ஒரு பெண்ணின் காலைத் தீர்மானிக்கிறது.

வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும் ஒவ்வொரு முறையும் இந்த மாடி எனக்கு நினைவுக்கு வரும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிறுமிகள் மணலில் வீடு கட்டுவார்கள். சிறுவன் அதைக் காலால் உதைத்துக் கலைப்பான். அவர்கள் கலைக்காதே என்று கெஞ்சுவார்கள். கெஞ்சுவதுதான் பாட்டு. அவனுக்குச் சக்கரம் வைத்த தேர் கிடைக்கிறது. அவளுக்கு ஊஞ்சல் கிடைக்கிறது. எவ்வளவு வேகமாக ஆடினாலும் கட்டிய இடத்தைவிட்டுப் போகாத வண்டி அது. பாடல்கள் அழகானவை, நான் ரசித்துத்தான் நடத்துகிறேன். ஆனால் உதைக்கும் காலும் உருளும் சக்கரமும் யாருக்கு என்று இலக்கணம் எவ்வளவு முன்பே பங்கு போட்டுவிட்டது பாருங்கள்.

அதே இலக்கியத்தில் பந்து பெண்ணின் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் பந்தாடிப் பாடும் கந்துக வரி இருக்கிறது. பெருங்கதையில் மானனீகை பந்தடிப்பதற்கு ஒரு காதையே ஒதுக்கியிருக்கிறார் கொங்குவேளிர். தேவாரத்தில் உமையே பந்து பொருந்திய விரலுடையவள். பந்து கையில் இருந்தவரை பெண்ணுக்கு உரியது, பார்க்க அழகானது. காலுக்கு வந்து மைதானத்துக்கு இறங்கியதும் ஆணுக்கு உரியதாகிவிட்டது. ஆக, சிக்கல் பந்தில் இல்லை. அதை எந்த இடத்தில் வைத்து ஆடுகிறோம், அதற்காக எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான்.

இந்த இடம் பிறகு என்ன ஆயிற்று?

1996இல் பின்னி ஆலை மூடப்பட்டது. சங்குச் சத்தம் நின்றது. ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. இன்னொரு பக்கம் நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் கார் ஆலைகள் வந்தன. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998இல் சான்ட்ரோ வந்தது. சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்றார்கள். 2014இல் அம்பாசடர் நின்றது. 2021இல் ஃபோர்டும் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. இதற்கிடையில் தவணையில் கார் வாங்குவது எங்கள் பகுதிவரை வந்துவிட்டது. முன்பு ஓர் அம்பாசடர் வந்து நின்றால் வேடிக்கை பார்த்த தெருவில் இப்போது இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. மழைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நகராமல் நிற்கின்றன. பையன்கள் செங்கல் வைத்து கோல் போட்ட இடம் அதுதான். கண்ணாடி உடைந்துவிடும் என்று இப்போது யாரும் பந்தை எடுப்பதில்லை. நம் ஆண்கள் உருகி உருகி எழுதும் இரண்டு காதல்களில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட்டது. இதை மட்டும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

இப்படி இடம் சுருங்கிய காலத்தில்தான் பெண்கள் இறங்கினார்கள் என்பது வேடிக்கையான உண்மை. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானார். ஓட்டத் தெரிந்திருந்தும் எந்த வண்டியை ஓட்டுவது என்ற கேள்விக்கு அவர் ஒரு பேருந்தையே பதிலாகக் காட்டினார். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. 2019இல் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. 2023இல் தமிழ்நாடு மீண்டும் தேசிய சாம்பியன். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது என் மாணவிகள் செல்போனைச் சுற்றி நின்று கத்தினார்கள். யாரும் குனியவில்லை.

அவர்களில் ஒருத்தி, எங்கள் கல்லூரி அணியின் பின்களக்காரி, என்னிடம் கேட்டாள்: “மேடம், உங்க காலத்துல கிரவுண்டு பெருசா இருந்துச்சாமே. அப்ப நீங்கல்லாம் ஏன் ஆடல?” அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவு பெரிய மைதானம் கண்ணெதிரே கிடக்க, ஒரு கூட்டம் பெண்கள் மாடியில் நின்று வடாம் காத்தார்கள் என்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அவளுக்குப் புரியாமல் போனதே எனக்கு நிறைவாக இருந்தது.

அதற்காக அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு உடை மாற்ற இடம் இல்லாத மைதானங்கள் இருக்கின்றன. ஆண்கள் ஆடி முடித்தபிறகு மீந்த நேரம்தான் பெண்களுக்கு. அதற்குள் இருட்டிவிடும். மாதவிடாய் நாளில் கழிப்பறை எங்கே என்று தேட வேண்டும். பூட்ஸுக்குக் காசு கேட்டால் கல்யாணத்துக்குச் சேர்க்கிறோம் என்று சொல்லும் வீடு இருக்கிறது. வெயிலில் கறுத்துவிட்டாய் என்று சொல்ல ஒரு அத்தை எல்லா வீட்டிலும் இருக்கிறார். இத்தனையையும் தாண்டி வந்து அந்தப் பெண் களத்தில் நிற்கிறாள். அதனால் அவள் நிற்கும் மண் அரைக் கிரவுண்டு குறைந்தாலும் எனக்குப் பதறுகிறது.

நான் கார் ஓட்டக் கற்றது என் முப்பத்திரண்டாம் வயதில். பழைய மாருதி 800 ஒன்றை வாங்கியிருந்தேன். கற்றுக்கொடுத்தவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாதவரம் பால்பண்ணைச் சாலைகளில் போவோம். நாற்பது ஆண்டுகள் வலது பக்கம் உட்கார்ந்தவர் முதன்முறையாக இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்கள் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி அழுத்தின. அம்மா பின் சீட்டில். மூன்றாவது வாரம் கிளட்ச் எனக்குப் பிடிபட்டது. வண்டி குலுங்காமல் கிளம்பியது. அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “உங்கம்மாவும் ஒரு தபா கேட்டா, பாப்பா.” பின்னாலிருந்து அம்மா உடனே பதில் சொன்னாள்: “ஒரு தபா இல்ல. மூணு தபா.” அதற்குமேல் இருவரும் எதுவும் பேசவில்லை. மறக்கப்பட்ட இரண்டு முறைகளை எண்ணிக்கொண்டே நான் ஓட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து அப்பாவை ஒரு பழைய கார் கண்காட்சிக்கு அழைத்துப்போனேன். ஒரு ஹெரால்டு நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை. முன்னால் வைத்த அட்டையில் கார் பிறந்த ஆண்டும் உரிமையாளர் பெயரும் இருந்தன. ஓட்டியவர் பெயர் இல்லை. ஓட்டுநரின் பெயருக்கே இடமில்லாத அட்டையில் உறை வெளுத்தவளின் பெயரை எங்கே தேடுவது? ஒரு பொருளை யார் வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் எழுதும் வரலாறு, அதை யார் உழைத்துக் காத்தார்கள் என்பதை விட்டுவிடுகிறது. பெண்ணியம் படிக்கிற நாம் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து தொடங்கலாம். உங்கள் அம்மாவிடம், பாட்டியிடம் கேளுங்கள்: முதல் கார் சவாரி எப்போது, எங்கே உட்கார்ந்தாய், எதற்காகப் போனாய். பதில்களைத் தேதியோடு எழுதிவையுங்கள். அதுவும் நகரத்தின் வரலாறுதான்.

அப்பா இப்போது இல்லை. அம்மா பழைய மெட்ராஸை நினைத்து ஏங்குவதே இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு காரணமே இல்லாமல் கிளம்பிவிடுகிறாள். திருவொற்றியூர், பாரிமுனை, சில நாள் மெரினா. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கடைசி நிறுத்தம்வரை போய் அதே பேருந்தில் திரும்புகிறாள். எங்கே போனாய் என்றால், “சும்மாதான், ஊரைப் பார்க்க” என்கிறாள். அறுபத்தெட்டு வயதில் அவளுக்கு இந்த ஊர் புதிது. நெரிசல், புகை, மெட்ரோ பள்ளங்கள் எல்லாம் இருந்தும் இதுதான் அவளுடைய பொற்காலம். அவளைப் பார்த்த பிறகு ‘அந்தக் காலம் போல வருமா’ என்று என்னால் எழுத முடியாது.

பழைய நகரம் அப்படியே திரும்பிவர வேண்டாம். அதிலிருந்து ஒன்றை மட்டும் கேட்கிறேன், அந்த வெட்டவெளியை. ஆலை நிலமோ, பள்ளித் திடலோ, முல்லை நகர் மைதானம் போன்ற ஒன்றோ, எங்கு மிச்சமிருந்தாலும் அதைக் காக்க வேண்டும். அதில் விளக்கு வேண்டும். பூட்டாத கழிப்பறை வேண்டும். மாலை ஐந்து மணி பெண்களுக்கும் ஐந்து மணியாக இருக்க வேண்டும். என் பின்களக்காரிக்கும் ஒருநாள் அறுபது வயதாகும். அன்று அவளும் உட்கார்ந்து, முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே, நாங்கள் ஆடிய காலம் என்று பெருமூச்சோடு எழுத வேண்டும். ஏங்குவதற்குக்கூட ஒரு பெண்ணுக்கு முதலில் மைதானம் வேண்டும்.